சவரக்கத்திக்கு வார், பேஸ்ட், கல்லு: நீலகிரியில இருந்துகிட்டே கம்மி செலவுல வாங்குறது எப்படி

பீரோவுல தாத்தாவோட சவரக்கத்தி கிடைச்சாலும் சரி, ஊட்டியில பழைய சாமான் விக்கிற இடத்துல இங்கிலாந்து ஷெஃபீல்டு முத்திரையோ ஜெர்மனி சோலிங்கன் முத்திரையோ இருக்கிற கத்தி ஒண்ணு கையில மாட்டினாலும் சரி, முக்காவாசி பேர் முதல்ல செய்யிறது போனை எடுத்து சாணைக்கல் தேடுறதுதான். அப்புறம் ஒரு ஜப்பான் கல்லுக்கு பெரிய தொகை கொடுத்துட்டு, வாருக்கும் (கத்தியைத் தீட்டுற தோல் பட்டை), தோல் மேல பூசுற பாலிஷ் பேஸ்ட்டுக்கும் காசு பத்தாம கையில கிடைச்ச பெல்ட்ல தீட்டிட்டு, ஷேவ் எரியுது இழுக்குதுன்னு கத்தியை மறுபடியும் பீரோவுலயே வெச்சிடுறாங்க. வாங்குற வரிசையை மாத்துங்க, முதல்ல வார், அடுத்து பேஸ்ட், கடைசியிலதான் கல்லு. இந்த வரிசையில போனா பாதி செலவு மிச்சம், அதுவும் மலையில இருக்கிற நமக்கு நிறைய சாமான் பக்கத்துலயே கிடைக்குது.

ஏன் இந்த வரிசைன்னா, ஒருதடவை சரியா கூர் போட்ட கத்திக்கு தினமும் வேண்டியது தோல் மட்டும்தான். ஷேவ் பண்றப்ப கத்தி வாய்ல, அதாவது வெட்டுற ஓரத்துல, இரும்பு பெருசா தேயிறது இல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மடியுது, கோணுது, ஈரத்துல லேசா துரு ஏறுது. அதை நேராக்கி சுத்தம் பண்றது தோல் வார். சில வாரம் கழிச்சு வார்ல தீட்டியும் இழுக்க ஆரம்பிச்சா பேஸ்ட் போட்ட தோல்ல பத்து பதினஞ்சு தடவை, அது போதும். பேஸ்ட்டும் கைவிடுறப்பதான் கல்லு, சரியா பராமரிச்சா வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல அந்த வேலை வராது. வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கிற சாமானுக்கு முக்காவாசி பணத்தையும், தினமும் தொடுற சாமானுக்கு மிச்சத்தையும் போடுறது சரியான கணக்கு இல்ல. முதல் கூர் மட்டும் நல்லா தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது போட்டு வாங்கிடுங்க, அதுக்குக் கொடுக்கிற கூலி வீண் இல்ல, ஏன்னா கூர்னா எப்படி இருக்கணும்னு உங்க கன்னத்துக்கு அப்பதான் தெரியும், பின்னாடி நீங்களே போடுற கூரை அதோட ஒப்பிட்டுப் பாக்கலாம்.

இன்னொண்ணு, கத்தியே சரியில்லன்னா எந்த வாரும் கல்லும் உதவாது. ஆன்லைன்ல ரொம்ப மலிவா வர்ற பேர் தெரியாத புதுக் கத்திங்க நிறைய வெறும் அலங்காரத்துக்குத்தான், இரும்பு சரியா பதம் ஏறியிருக்காது, கூர் நிக்காது. அந்தக் காசுக்கு வாய்ல சில்லு இல்லாத, வெடிப்பு இல்லாத, வாய் பக்கம் துரு குழி விழாத பழைய கத்தி தேடுங்க. வாய்க்கு எதிர்ல இருக்கிற தடிப்பான முதுகுப் பக்கம் துரு கறை இருந்தா பரவாயில்ல. தெருவுல சாணை பிடிக்கிறவர்கிட்ட மட்டும் சவரக்கத்தியை கொடுக்கவே கொடுக்காதீங்க, அவர் வேலை அரிவாள், கத்தரிக்கோலுக்கு அருமையா இருக்கும், ஆனா அந்த சுத்துற சக்கரத்துல இந்த மெல்லிசு வாய் ஒரு நொடியில சூடேறி நீலம் பாஞ்சிடும், நீலம் பாஞ்ச இடத்துல பதம் போச்சு, திரும்ப வராது.

இப்ப வார். கடையில ரெடிமேடா வர்ற நல்ல தோல் வார் விலை ஜாஸ்தி, வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா பார்சல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து கத்தி விலையைத் தாண்டிடும். ஆனா நாம இருக்கிறது தோலுக்குப் பேர் போன தமிழ்நாட்டுல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடுன்னு தோல் பதப்படுத்துற ஷாப்புங்க இருக்கிற ஊர் எத்தனை. ஆவாரம்பட்டை போட்டு தோல் பதப்படுத்துறது நம்ம பக்கத்து பழைய முறை. நம்ம மலையில எங்க பாத்தாலும் நிக்குதே சீகை மரம், வாட்டில்னு சொல்றோமே, அதை இங்க காடு காடா நட்டதுக்கு ஒரு முக்கியமான காரணம் அதோட பட்டையில இருக்கிற துவர்ப்பு, அது தோல் பதப்படுத்த போகும். நமக்கு வேண்டியது இந்த மாதிரி பட்டைச் சாறுல பதப்படுத்துன தோல்தான். வெஜிடபிள் டேன் தோல்னு கேளுங்க, கடைக்காரங்களுக்குப் புரியும்.

கடைக்காரர் ஆமாங்க அதுதான்னு தலையாட்டினாலும் நீங்களே பாத்துக்கணும். தோலை வெட்டின ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்துல பாருங்க. மேல இருந்து அடி வரைக்கும் ஒரே பழுப்பா இருந்தா பட்டையில பதப்படுத்துனது. மேலயும் கீழயும் பழுப்பு, நடுவுல சாம்பல் கலந்த நீலக் கோடு மாதிரி தெரிஞ்சா அது பட்டைக்குப் பதிலா குரோம் உப்புல பதப்படுத்துனது, மேல சாயம் மட்டும் அடிச்சிருக்காங்க. குரோம் தோல்லயும் தீட்ட முடியாதுன்னு இல்ல, ஆனா அது பஞ்சு மாதிரி அமுங்கும், அமுங்குற தோல் வாயைச் சுத்தி மேல வந்து கூரை உருட்டிடும். அடுத்து நகத்தால லேசா கீறுங்க, மேல பிளாஸ்டிக் தோல் உரிஞ்சு வந்தா அது ரெக்சினோ, தோல் தூளை ஒட்ட வெச்சு செஞ்ச போலித் தோலோ, வேண்டாம். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு விரல் நுனியால முழு நீளத்துக்கும் மெதுவா தடவிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத கொசுக் கடி தழும்பு, முள்ளு கீறல், சின்ன மேடு எல்லாம் விரலுக்குத் தெரியும், அதெல்லாம் இல்லாத பாகமா பாத்து வெட்டித் தரச் சொல்லுங்க.

அளவு சொல்றேன். அகலம் ரெண்டரைல இருந்து மூணு இஞ்ச், நீளம் கைப்பிடி போக பதினெட்டு இஞ்சாவது, கனம் ரெண்டரைல இருந்து மூணரை மில்லிமீட்டர். பெல்ட், குதிரைச் சேணம், பை தைக்கிற கடைங்கள்ல இந்தக் கனத்துல வெட்டி மிச்சமான துண்டு கிடக்கும், முழுத் தோல் வாங்க வேண்டியதே இல்ல. குன்னூர் மார்க்கெட் பக்கமோ மேட்டுப்பாளையத்துலயோ செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட போய், பெல்ட் தோல் ஒரு துண்டு வேணும்ணா, நீட்டிப் பிடிச்சா இழுபடக்கூடாது, மேல் பக்கம் வழவழன்னு இருக்கணும்னு சொல்லிப் பாருங்க. அவங்க கைக்கு தோலோட தரம் நம்மள விட நூறு மடங்கு தெரியும், எதுக்குன்னு சொல்லிக் கேட்டா அவங்களே நல்ல துண்டா எடுத்துக் கொடுப்பாங்க. ரெண்டு ஓட்டை போட்டு ஒரு பக்கம் வளையம் மாட்டவும் அவங்ககிட்டயே கூலி கொடுத்து முடிச்சிடலாம்.

தொங்கவிடுற வாரா பலகையில ஒட்டுன வாரான்னு கேட்டா, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் பலகைதான் சொல்வேன். தொங்கவிடுறதுல கை தளர்ந்தா தோல் தொய்யும், தொய்ஞ்ச தோல் வாயை உருட்டும், இழுத்துப் பிடிக்கிற பழக்கம் வர கொஞ்ச நாள் ஆகும். பலகைக்கு நம்ம எஸ்டேட்ல நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் மரப் பலகையே போதும், ஆனா நல்லா காஞ்சதா இருக்கணும், பச்சைப் பலகை நம்ம ஊர் ஈரத்துல ஒரு மழைக்காலத்துல முறுக்கிடும். எம்டிஎஃப் பலகையும் ஈரம் குடிச்சு உப்பும். கிரானைட் கடையில கிடக்கிற நீளமான வேஸ்ட் பீஸ் ஒண்ணு கிடைச்சா அதுதான் என்னோட முதல் சாய்ஸ், கனமா இருக்கும், அசையாது, முறுக்காது.

தோலுக்கு முன்னாடி துணியில தீட்டுறதும் முக்கியம், அதுக்கு தனியா காசே செலவு பண்ண வேண்டாம். பழைய ஜீன்ஸோட கால் பகுதி, இல்லன்னா நாடாக் கட்டில்ல போடுற அகலமான பருத்தி நாடா. இப்ப வர்ற நாடா நிறைய பிளாஸ்டிக், நுனியில ஒரு நூலை பிரிச்சு நெருப்பு காட்டுங்க, உருகினா பிளாஸ்டிக், பேப்பர் மாதிரி எரிஞ்சு சாம்பலானா பருத்தி. வெந்நீர்ல ஊறவெச்சு துவைச்சு நல்லா காயவெச்சு பயன்படுத்துங்க, ஏன்னா புதுத் துணியில கஞ்சி இருக்கும். துணியில இருபது முப்பது தடவை, தோல்ல அம்பது அறுபது தடவை, இதுதான் ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னாடி. முதுகு முன்னாடி போகணும், வாய் பின்னாடி வரணும், திருப்புறப்ப முதுகுமேலயே உருட்டித் திருப்பணும், வாய் எப்பவும் தோலைக் குத்தக் கூடாது. முதுகை ஒரு நொடிகூட தோல்ல இருந்து தூக்காதீங்க. புது வாரை வெட்டிக்கிறது எல்லாருக்கும் நடக்கும், அதனாலதான் முதல் வார் மலிவான துண்டுத் தோலா இருக்கணும்னு சொல்றேன், கை பழகினதுக்கு அப்புறம் நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்.

வாருக்கு எண்ணெய் போடலாமான்னு கேப்பாங்க. உள்ளங்கையால தினமும் ரெண்டு தடவை அழுத்தித் தேய்ச்சு விட்டாலே போதும், கையில இருக்கிற எண்ணெய்ப்பசையே அதுக்கு சரியான அளவு. தேங்காண்ணெயை ஊத்தி ஊறவெச்சா தோல் சொதசொதன்னு ஆயிடும், தூசியும் ஒட்டும்.

அடுத்து பேஸ்ட், காசு அதிகம் ஏமாறுறது இதுலதான். நமக்கு வேண்டியது முக்கியமா பச்சை, அதாவது குரோமியம் ஆக்சைடு. நல்ல தரத்துல துகள் அரை மைக்ரான் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அளவு இருக்கும், சவரக்கத்திக்கு அது போதும், முகத்துக்கு மென்மையா வரும். ஆனா பச்சையா இருக்கிறதெல்லாம் குரோமியம் ஆக்சைடு இல்ல. பாலிஷ் பட்டறையில பஃபிங் சக்கரத்துக்குப் போடுற பச்சை சோப்புக் கட்டி மலிவா கிடைக்கும், அதுல பலதுல அலுமினியம் ஆக்சைடும் கலந்திருக்கும், அதோட துகள் பெருசா இருக்கும். சமையல் கத்திக்கு அது தாராளம், சவரக்கத்திக்கு அது கரடு. தரைக்குப் போடுற ஆக்சைடு பவுடர் வண்ணக் கடையில பச்சையும் சிவப்பும் கிடைக்குது, பேர் ஒண்ணா இருக்கேன்னு வாங்கிடாதீங்க, அது சிமெண்ட்ல நிறம் கொடுக்கத்தான், துகள் அளவை யாரும் பாத்து சலிச்சிருக்க மாட்டாங்க.

வாங்குனதை கத்தியில வைக்கிறதுக்கு முன்னாடி சோதிச்சுப் பாருங்க. பழைய எவர்சில்வர் ஸ்பூன் ஒண்ணோட பின்பக்கம் கொஞ்சூண்டு பேஸ்ட் வெச்சு, மெல்லிசான தோல் துண்டால ஒரே திசையில முப்பது நாப்பது தடவை தேய்ங்க, துடைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. கறுப்பா அழுக்கு வந்து, ஸ்பூன் கண்ணாடி மாதிரி மங்கல் இல்லாம தெரிஞ்சா நல்ல பேஸ்ட். அங்கங்க தனித்தனியா ஆழமான கோடு தெரிஞ்சா உள்ள பெரிய துகள் கலந்திருக்கு, அந்தக் கோடு ஒவ்வொண்ணும் கத்தி வாய்ல ஒரு பல்லா மாறும், முகத்துல எரிச்சலா தெரியும்.

வைரப் பேஸ்ட், டைமண்ட் பேஸ்ட், இது கேக்கத்தான் விலை ஜாஸ்தி மாதிரி இருக்கும். அச்சு, டை பாலிஷ் பண்றதுக்கு சின்ன சிரிஞ்சுல வரும், கோவையில அந்தத் தொழிலுக்கு சாமான் விக்கிற கடைங்கள்ல கேட்டா ஒரு மைக்ரான், அரை மைக்ரான், கால் மைக்ரான்னு கிடைக்கும். ஒரு தோலுக்கு கடுகளவு புள்ளி அஞ்சாறு வெச்சு விரலால தேய்ச்சா போதும், ஒரு சிரிஞ்சு வருஷக்கணக்குல வரும், அப்படிப் பாத்தா அது மலிவுதான். வைரம் வேகமா வெட்டும், அதனால ஒரு மைக்ரானுக்கு மேல பெருசு வேண்டாம். வைரத்துல மட்டும் ஷேவ் பண்ணா சிலருக்கு கன்னம் எரியும், அதுக்கு மேல பச்சையில பத்து தடவை இழுத்து, கடைசியா வெறும் தோல்ல முடிச்சா சரியாயிடும். ஒரு அளவுக்கு ஒரு தோல், கலக்கவே கூடாது, பின்னாடி மார்க்கர்ல எழுதி வெச்சிடுங்க. தினமும் தீட்டுற வார்ல பேஸ்ட் தொடவே கூடாது.

சிவப்பு, நகைக்கடை ரூஜ்னு சொல்றது, இரும்பு ஆக்சைடு. அதுவும் நல்லதுதான், பச்சையை விட மெதுவா வெட்டும், பாலிஷ் மட்டும் தரும். பச்சை இருந்தா அது அவசியம் இல்ல, தங்க வேலை செய்யிற ஆசாரி யாராவது தெரிஞ்சவங்களா இருந்தா ஒரு துண்டு கேட்டுப் பாருங்க, அவ்வளவுதான். வண்டி மெக்கானிக் கடையில இருக்கிற வால்வு லாப்பிங் பேஸ்ட் பக்கமே போகாதீங்க, அது கரடுமுரடான கார்பைடு.

பேஸ்ட் போடுற தோலும் மெல்லிசா, கெட்டியா, கிரானைட் துண்டு மேலயோ கண்ணாடி மேலயோ ஒட்டுனதா இருக்கட்டும். மெத்து மெத்துன்னு இருக்கிற தோல்ல பேஸ்ட் போட்டா வாய் நாளாக நாளாக குவிஞ்சு போய், அப்புறம் கல்லுல மறுபடி பெவல், அதாவது வாயோட ரெண்டு பக்கச் சரிவு, எடுக்கிற வேலை சீக்கிரமே வந்துடும்.

இப்ப கல்லு. இங்க முதல்ல நம்பர் குழப்பத்தைத் தீர்த்துக்கணும், ஏன்னா இதைத் தெரியாம வாங்குறவங்க ரொம்ப பேர். ஹார்டுவேர் கடையில வாட்டர் பேப்பர் 2000 நம்பர்னு வாங்குவோம், ஜப்பான் கல்லுலயும் 2000 நம்பர் இருக்கும், ரெண்டும் ஒண்ணு இல்ல. பின்பக்கம் P2000னு போட்டிருக்கிற பேப்பரோட துகள் சுமார் பத்து மைக்ரான், அது ஜப்பான் கணக்குல 1000, 1200 கல்லுக்குத்தான் சமம். ஜப்பான் 4000 சுமார் மூணு மைக்ரான், 8000 ஒண்ணேகால் மைக்ரான் பக்கம். அதனால கடையில எவ்வளவு நைஸ் பேப்பர் வாங்கினாலும் அது பெவல் எடுக்கத்தான் ஆகும், ஷேவ் பண்ற கூர் அதுல வராது. இனிமே நம்பரை விட்டுட்டு மைக்ரான் எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க, எந்த நாட்டுக் கல்லா இருந்தாலும் ஒப்பிட முடியும்.

கம்மி செலவுல முழு வேலையும் முடிக்கிற வழி லாப்பிங் ஃபிலிம். ஃபைபர் கேபிள் கனெக்டர் பாலிஷ் பண்றதுக்காக வர்ற மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட், த்ரீ எம் உட்பட பல கம்பெனி பண்றாங்க, மேல அலுமினியம் ஆக்சைடு துகள் ஒரே சீரா படிஞ்சிருக்கும். ஆன்லைன்ல தனி ஷீட்டா வாங்கலாம், தபால்ல வந்துடும். பின்னாடி பசை இல்லாததா பாத்து வாங்குங்க. பன்னெண்டு அல்லது ஒன்பது மைக்ரான்ல ஒரு ஷீட், மூணு மைக்ரான்ல ஒரு ஷீட், ஒரு மைக்ரான்ல ஒரு ஷீட், ஆக மூணு ஷீட் போதும். ஏ4 அளவு ஷீட்டை நீளவாக்குல மூணா வெட்டினா ஒவ்வொண்ணும் ரெண்டேமுக்கால் இஞ்ச் அகலம் வரும், சவரக்கத்தி வாய் மூணு இஞ்ச் பக்கம்தான், கொஞ்சம் குறுக்கா இழுத்துக்கிட்டே போனா முழு வாயும் பட்டுடும்.

ஃபிலிமுக்கு அடியில மட்டமான கல்லு வேணும், அது கிரானைட் கடை வேஸ்ட் பீஸ். பாலிஷ் போட்ட துண்டு, எட்டுக்கு மூணு இஞ்ச் இருந்தாலே போதும், சும்மாவே கொடுப்பாங்க. கொடுக்கிற துண்டு மட்டமா இருக்கான்னு ஸ்டீல் ஸ்கேலை ஓரம் கீழ வர்ற மாதிரி நிறுத்தி, பின்னாடி போன் டார்ச் அடிச்சுப் பாருங்க, நீளவாக்குல, குறுக்குவாக்குல, மூலைக்கு மூலை, எங்கயும் வெளிச்சம் கசியக் கூடாது. கசிஞ்சா அடுத்த துண்டை எடுங்க. இல்லன்னா கண்ணாடிக் கடையில பத்து மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு வாங்கி ஓரத்தை மழுக்கித் தரச் சொல்லுங்க. கோத்தகிரி, குன்னூர் பக்கம் டீ ஃபேக்டரியில இலையை நறுக்கி நசுக்குற சிடிசி ரோலருக்கு ஷார்ப்பனிங் பண்ற பட்டறைங்க இருக்கு, அங்க வேலை செய்யிறவங்களுக்கு மட்டம் பாக்கிறது அத்துப்படி, தெரிஞ்சவங்க இருந்தா உங்க கிரானைட்டை காட்டி கேளுங்க, ஆனா கத்தியை அவங்க மெஷின்ல வைக்க மட்டும் விடாதீங்க.

கிரானைட் மேல தண்ணி தெளிச்சு ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு ஃபிலிமை விரிச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு விரலால தள்ளி காத்துக் குமிழ் எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஒரு குமிழ் இருந்தாலும் அந்த இடத்துல வாய் ஃபிலிமை கிழிச்சிடும். கல்லுலயும் ஃபிலிம்லயும் வாய் முன்னாடி போகணும், வாருக்கு நேர் எதிர். முதுகும் வாயும் ரெண்டும் ஃபிலிம்ல படணும், முதுகு உயரம்தான் கோணத்தை முடிவு பண்ணுது, நீங்க கோணம் பிடிக்கவே வேண்டாம், சவரக்கத்தி செய்யிறப்பவே அந்தக் கணக்கு போட்டுத்தான் செஞ்சிருப்பாங்க. அழுத்தாதீங்க, கத்தியோட எடையே போதும். ஒன்பதுல கை முடி தோலோட ஒட்டி வெட்டுற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாதீங்க, அடிப்படை பெவல் சரியில்லாம மூணு, ஒண்ணுன்னு போறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, நிறைய பேர் கல்லைக் குறை சொல்றது இங்கதான். ஒரு மைக்ரான்ல முடிச்சு, பச்சை பேஸ்ட், துணி, தோல்னு போனா நல்ல ஷேவ் வரும்.

கல்லேதான் வேணும்னா, கிங் 1000/6000 ரெண்டு பக்கக் கல்லு ஒண்ணு நம்ம நாட்டுலயே விக்கிறாங்க, அதுல பெவல் எடுத்து 6000 வரை வந்து, மிச்சத்தை அரை மைக்ரான் பச்சை பாத்துக்கும். இருக்கிற கல்லுங்கள்ல கையைக் கடிக்காத வழி இதுதான்னு நான் நினைக்கிறேன். நார்ட்டன் 4000/8000 பேர் போனது, நல்லது, ஆனா இங்க விலை ஏறிடும். நனிவா 12000 சூப்பர் ஸ்டோன் பத்து மில்லிமீட்டர் கனத்துலயும் வரும், கனமானதை விட அது மலிவு, சவரக்கத்திக்கு மட்டும்னா அந்த மெல்லிசே ஆயுசுக்கும் வரும். சீனத்து இயற்கைக் கல்லு, 12கே, அதாவது 12000னு பேர் போட்டு வர்றது, விலை கம்மி, ரொம்ப மெதுவா வெட்டும், அந்த நம்பரை அப்படியே நம்ப வேண்டாம், ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஆனா பொறுமை இருந்தா கடைசி கல்லா நல்லா வேலை செய்யும். பெல்ஜியத்துல ஆர்டென் மலையில வெட்டுற மஞ்சள் கோட்டிக்யூல் கல்லு எனக்கு ரொம்பப் பிடிச்ச ரகம், அதுல கார்னெட் துகள் இருக்கு, அந்தக் கல்லோட கூர் முகத்துக்கு அவ்வளவு பதமா இருக்கும், ஒழுங்கா வெட்டாத வடிவத்துல வர்ற துண்டுங்க செவ்வகக் கல்லை விட விலை கம்மி, என்னைக்காவது காசு சேர்ந்தா அதை வாங்குங்க.

மார்க்கெட்ல கவாத்துக் கத்தி தீட்டுற கறுப்பு கார்போரண்டம் கல்லு சவரக்கத்திக்கு வேண்டவே வேண்டாம், அது நூத்துச் சொச்சம் நம்பர், ரொம்ப கரடு. கடப்பா கல்லும் அம்மிக்கல்லும் சமையல் கத்திக்கு சரி. கடப்பா துண்டு மட்டமா இருந்தா ஃபிலிமுக்கு அடியில வைக்க உதவும், அவ்வளவே.

எந்தக் கல்லு வாங்கினாலும் முதல் நாளே மட்டம் பண்ணணும், புதுசுன்னு நம்பாதீங்க. மேல பென்சில்ல கட்டம் கட்டமா கோடு போட்டு, கிரானைட் மேல 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஈரமா விரிச்சு கல்லைக் கவுத்துப் போட்டு தேய்ங்க. கோடு எல்லாம் ஒண்ணா மறையிற வரைக்கும் விடாதீங்க, நடுவுல மட்டும் கோடு மிச்சம் இருந்தா நடு பள்ளமா இருக்குன்னு அர்த்தம். கடைசியா ஓரங்களை லேசா மழுக்கிடுங்க, கூர்மையான ஓரம் கத்தி வாயை சில்லு எடுத்துடும்.

பழைய சலூன்ல ஒருதடவை விசாரிச்சுப் பாருங்க. இப்ப எல்லாரும் மாத்துற பிளேடுக்கு வந்துட்டாங்க, அது தொற்று பரவாம இருக்க நல்ல விஷயம், ஆனா ரொம்ப வருஷமா தொழில் பண்ற பெரியவங்ககிட்ட பழைய வாரும், உள்ளங்கை அளவு சின்னக் கல்லும் டிராயர்ல கிடக்கும். கொடுக்க மனசு இருந்தா சொல்ற விலையைக் கொடுத்து வாங்குங்க, பேரம் பேசாதீங்க, கூடவே கை எப்படிப் போகணும்னு ஒருதடவை காட்டச் சொல்லிக் கேளுங்க. அவங்க மணிக்கட்டு திரும்புற விதத்தை பக்கத்துல நின்னு பாத்தா எந்த வீடியோவும் வேண்டாம். அந்தச் சின்னக் கல்லு பல வருஷம் ஒரே இடத்துல தேஞ்சு நடு குழிஞ்சிருக்கும், மேல சொன்ன மாதிரி மட்டம் பண்ணிக்கலாம், விரிசல் இருந்தா மட்டும் விட்டுடுங்க. வார்ல ஓரம் வெடிச்சு நடு நல்லா இருந்தா வெட்டி பலகையில ஒட்டிக்கலாம்.

கல்லுல தீட்டுறப்ப கத்தி முதுகு தேயாம இருக்க அதுமேல கரண்ட் வேலைக்குப் போடுற இன்சுலேஷன் டேப் ஒரு சுத்து ஒட்டி தீட்டுறது உண்டு, தங்க எழுத்து, வேலைப்பாடு இருக்கிற பழைய கத்திக்கு அவசியம் போடுங்க. டேப்பை எடுத்தா பிசின் ஒட்டும், அதுக்கு நம்ம ஊர் நீலகிரி தைலம் ரெண்டு சொட்டு பஞ்சுல வெச்சு துடைச்சா போயிடும், கைப்பிடி பிளாஸ்டிக்ல மட்டும் படாம பாத்துக்குங்க.

மலை ஊர்ல இதையெல்லாம் வெச்சுக்கிறதுக்கு தனி கவனம் வேணும். கூடலூர்ல ஆடி மழை, குன்னூர் கோத்தகிரியில ஐப்பசி கார்த்திகை மழை, அந்த நேரத்துல தோல்ல பூஞ்சணம் பிடிக்கும். பாத்ரூம்ல வாரைத் தொங்கவிடாதீங்க, காத்து போற அறையில ஆணியில மாட்டுங்க. பூஞ்சணம் வந்தா காஞ்ச துணியில வெளியில வெச்சு துடைச்சு, காலை வெயில்ல கொஞ்ச நேரம் காட்டுங்க, அடுப்புக்கோ கணப்புக்கோ பக்கத்துல வெச்சா தோல் சுருண்டு வெடிச்சிடும். கத்திக்கு எண்ணெய் பூசணும்னா தேங்காண்ணெய் நம்ம குளிர்ல சரிப்படாது, 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சு திட்டுத் திட்டா நிக்கும், ஈரம் புகுற இடைவெளி இருந்துடும். தையல் மிஷின் ஆயில், இல்லன்னா மெடிக்கல் ஷாப்ல லிக்விட் பாரஃபின் சின்ன பாட்டில் வாங்கி ஒரு சொட்டு, வாய் வரைக்கும், கைப்பிடி மூட்டுலயும். ஷேவ் பண்றதுக்கு முன்னாடி துடைச்சிடுங்க, எண்ணெயோட வார்ல தீட்டக் கூடாது.

ஊறவைக்கிற ரக கல்லு, கிங் மாதிரி, வெச்சிருக்கிறவங்க மார்கழி தை மாசத்துல கவனமா இருங்க. தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழுற ராத்திரியில ஈரக் கல்லை வெளியிலயோ பின்கட்டுலயோ விட்டா உள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு கல்லு வெடிச்சிடும். வேலை முடிஞ்சதும் துடைச்சு, வீட்டுக்குள்ள நிழல்ல நிறுத்தி வெச்சு நிதானமா காயவிடுங்க, முழுசா காய ரெண்டு மூணு நாள்கூட ஆகும், காயறதுக்கு முன்னாடி டப்பாவுல போட்டு மூடாதீங்க.